கிணத்துக்கார அக்கா கேசு என்ன ஆச்சு?

2024 பிப்ரவரி பதினான்காம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு மதார் சாகிபின் சாப்பாட்டு டப்பா மிச்சச் சோற்றோடு வீடு வந்து சேர்ந்தது. பெரிய மிச்சம் என்று சொல்ல முடியாது, இரண்டு கைப்பிடி இருக்கும். ஆனால் ராஜபாளையத்தில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. அவருடைய மனைவி அப்ரோஸ் பேகம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கொழம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"பொறவு?"

"தெரியல. எறங்கல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த டப்பா வழித்துத் துடைத்தது போலத்தான் திரும்பி வரும். காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளில்கூட அப்படித்தான். 'கழுவாமலே கவுத்தி வைக்கலாம்' என்று அப்ரோஸ் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்று மிச்சச் சோற்றைக் கொட்டும்போது அவளுக்கு மனசு என்னவோ போலிருந்தது.

மதார் சாகிபுக்கு வயது நாற்பத்தொன்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நீதிமன்றத்தில் வேலை. வழக்குக்கு வந்தவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. அந்தப் பட்டைக்கு டவாலி என்று பெயர். அதைப் போட்டிருப்பவரையும் ஜனங்கள் டவாலி என்றே சொல்வார்கள். நீதிபதி வழக்கை எடுத்ததும் இவர் வாசலுக்கு வந்து மூன்று தடவை பெயர் சொல்வார். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாம் தடவை வேப்பமரம் வரை கேட்கும்படி, மூன்றாம் தடவை ரோட்டோரத்து டீக்கடை வரை. அவருடைய அத்தா பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாராக இருந்தவர். அந்தக் குரல் அப்படியே மகனுக்கு வந்திருந்தது.

2002 ஏப்ரல் எட்டாம் தேதி திங்கட்கிழமை அந்த வாசலில் நின்றவர், 2024 பிப்ரவரி ஐந்தாம் தேதி திங்கட்கிழமை வரை நின்றார். எல்லோரும் இருபத்திரண்டு வருடம் என்பார்கள். சரியாகச் சொன்னால் இருபத்தோரு வருடம், பத்து மாதம், அதில் மூன்று நாள் குறைவு.

அந்த வருடங்களில் அப்ரோஸ் பேகத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, வீட்டிலேயே தையல். தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். நைட்டியாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அந்த வெள்ளை உடுப்பு. தினமும் துவைத்து, வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டு அலசி, மொடமொடவென்று இஸ்திரி போட வேண்டும். நீலம் ஒரு சொட்டு கூடினால் சட்டை வானத்து நிறத்துக்குப் போய்விடும். குறைந்தால் மஞ்சளடிக்கும். "மூணு சொட்டு. என் வாழ்க்கையே அந்த மூணு சொட்டுலதான் போகுது" என்பாள்.

மாலையில் அவர் வந்து டீ குடித்துவிட்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்று கோர்ட்டில் பார்த்ததைச் சொல்வார். அதற்கு அவரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பெயர் சொல்ல மாட்டார், வழக்கு எண் சொல்ல மாட்டார். அதனால் ஆட்களுக்கு அப்ரோஸ்தான் பெயர் வைத்தாள். சேத்தூரிலிருந்து அண்ணன் மேல் கிணற்றுப் பாகத்துக்கு வழக்குப் போட்டவர் 'கிணத்துக்கார அக்கா'. தென்னை மரம் யாருடையது என்று சண்டை போட்ட இரண்டு வாத்தியார்கள் 'பெரிய தென்னை', 'சின்னத் தென்னை'. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்பாள்: "கிணத்துக்கார அக்கா கேசு என்ன ஆச்சு?" அவர், "வாய்தா வாங்கிட்டாக. ஆனா இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு" என்று ஆரம்பிப்பார். இரண்டு பேருமே இதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. டீ குடிப்பது போல, கதவைச் சாத்துவது போல, அதுவும் தினம் நடக்கிற ஒன்று.

பதவி உயர்வு வந்தது. பதிவறை எழுத்தர். வாசலில் நிற்க வேண்டாம், உடுப்பு வேண்டாம், நாற்காலி உண்டு, மேசை உண்டு. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அப்ரோஸுக்கு அது சம்பளக் கணக்கில் அடங்காத சந்தோஷம். அவளுடைய குடும்பத்தில் விசேஷம் எதுவானாலும், "மச்சான் கோர்ட்டுல என்ன வேலை?" என்று யாராவது கேட்பதும், "கூப்பிடுதவரு" என்று இன்னொருவர் பதில் சொல்வதும், அதற்குப் பின்னால் ஒரு சின்ன மௌனம் வருவதும் அவளுக்குத்தான் தெரியும். உத்தரவு வந்த அன்றே அவள் கோடு போட்ட சட்டை இரண்டு வாங்கிவிட்டாள். நீலப் பாட்டிலை அலமாரியின் மேல் தட்டுக்குத் தள்ளினாள்.

மதார் சாகிபுக்கும் மகிழ்ச்சிதான். அது ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள்தான் அந்த இரண்டு கைப்பிடிச் சோறு.

பதிவறை வேலையைத் தாழ்வாகச் சொல்லிவிடக் கூடாது. முடிந்துபோன வழக்குகளின் கட்டுகள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். கேட்ட கட்டை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு, அதையே உயிராக நினைக்கிறவர்களும் உண்டு. மதார் சாகிப் அதைச் சுணங்காமல் செய்தார். ஐந்து மாதத்துக்குள் ஆயிரத்து நூற்று நாற்பது கட்டுகளை வருட வாரியாக அடுக்கி, புதுக் கயிறு கட்டி, அட்டையில் எண் எழுதினார். தலைமை எழுத்தர் கனகலட்சுமி வந்து பார்த்துவிட்டு, "மதார் சார், இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்குன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார். பிப்ரவரி வரை 'மதார்', இப்போது 'மதார் சார்'.

ஆனாலும் டப்பா பாதியாகத்தான் வீடு வந்தது.

அவர் முதலில் உடம்பைச் சந்தேகப்பட்டார். பிப்ரவரி கடைசியில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தார். சர்க்கரை சாப்பாட்டுக்கு முன் நூற்று நான்கு, பின் நூற்று முப்பத்தெட்டு. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார். "பாய், உங்களுக்கு ஒண்ணுமில்லை. நல்லா நடங்க." நடந்தார். நோன்பு மாதம் வந்தது. டப்பாவுக்கு ஒரு மாதம் ஓய்வு. பெருநாள் கழிந்து மறுபடியும் டப்பா போனது, மறுபடியும் மிச்சம் வந்தது.

நீதிமன்றத்தில் உக்கிரபாண்டி என்று அமீனா ஒருவர், வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பவர். மதார் சாகிபுக்குப் பழைய சிநேகிதர். அவர்தான் இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"பாய், ஒமக்கு வேற ஒண்ணுமில்ல. தொண்டை சும்மா கெடக்கு. இருவது வருசம் கத்துன தொண்டை. கத்தாம இருந்தா சோறு எப்பிடி எறங்கும்?"

"அப்பிடியா சொல்லுதீரு?"

"பதிவறைக்குள்ள நின்னு நாலு கட்டு பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரும். வந்தா வருது."

கிண்டல்தான். ஆனால் மதார் சாகிபுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஏப்ரலில் பள்ளிவாசலின் இப்போதைய மோதினார் தன் மகளின் பிரசவத்துக்காகத் தென்காசி போனார். பதினைந்தாம் தேதியிலிருந்து எட்டு நாள். காலையில் சுபுஹு, மாலையில் மஃரிப், இஷா, மூன்று வேளை பாங்கையும் மதார் சாகிப் ஏற்றுக்கொண்டார். இருபத்துநான்கு பாங்கு. முதல் நாள் காலையிலேயே, தெருவில் பால் வாங்க நின்ற பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தா குரல் அப்பிடியே இருக்குல்லா" என்று நாலைந்து பேர் வீடு தேடி வந்து சொன்னார்கள். மதார் சாகிபின் மனசு நிறைந்துதான் போனது. ஆனால் அந்த நிறைவு பள்ளிவாசலைச் சேர்ந்தது. ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியதும் பழைய கனம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வாரமும் டப்பா காலியாக வரவில்லை. ஆக, தொண்டை இல்லை.

இதே நாட்களில் அப்ரோஸ் பேகத்துக்கும் ஒரு தொந்தரவு. தையல் மெஷின் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. கடகடவென்று காதுக்குள் வந்து விழுகிறது. எண்ணெய் விட்டாள், பெல்ட் மாற்றினாள், அப்படியும் போகவில்லை. தளவாய்புரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, "அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் போடுத சத்தம்தான் போடுது" என்றார். அவள் நம்பவில்லை. வேறு மெக்கானிக் இல்லாததால் சின்னதாக ஒரு ரேடியோ வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மே இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய தங்கை ஹஃபீஸாவின் மகளுக்கு நிக்காஹ். பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு அடுத்த வரியில், 'ஜனாப் மதார் சாகிப், நீதிமன்றப் பதிவறை எழுத்தர்' என்று அச்சடித்திருந்தார்கள். அப்ரோஸ் அதில் ஒன்றை எடுத்துப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். மதார் சாகிபுக்கும் படும்.

ஜூன் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, கனகலட்சுமி அவரைக் கூப்பிட்டார்.

"மதார் சார், ஒரு விஷயம். நீங்க இருந்த இடத்துக்கு இதுவரைக்கும் ஆளை மாத்தி மாத்திப் போட்டுச் சமாளிக்கிறோம். ஜூலை ஒண்ணாம் தேதி நிரந்தரமா ஒருத்தர் வர்றார். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாங்க. பதவி உயர்வு வேண்டாம்னா ஜூன் இருபத்தெட்டு சாயந்திரத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். அப்புறம் மாத்த முடியாது. வேண்டாம்னு கொடுத்தாலும் மாத்த முடியாது, மறுபடி பதவி உயர்வு கிடையாது. ரெண்டும் ஒரே தடவைதான்."

"யாரும்மா வேண்டாம்னு சொல்லுவாக?" என்றார் அவர்.

"அதானே. கேட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா ஒரு கணம் நின்றதைக் கனகலட்சுமி பார்த்தார்.

அன்று மாலை அவர் சும்மா பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தார். "பழைய எடத்துக்கே போகலாம்னா போகலாமாம்."

அப்ரோஸ் மெஷினை நிறுத்தினாள். "யாரு போறது?"

"யாரும் போகல. அப்பிடி ஒரு வழி இருக்குன்னு சொன்னாக."

"ஏங்க, ஒண்ணு சொல்லிருதேன். அந்த வெள்ளைச் சட்டைய இனிமே நான் தொட மாட்டேன். போகணும்னா நீங்களே தொவைச்சு, நீங்களே நீலம் போட்டு, வானத்துக் கலர்ல போட்டுக்கிட்டுப் போங்க. பத்திரிகையில அடிச்சு முன்னூறு வீட்டுக்குக் குடுத்தாச்சு. இனி ஹஃபீஸா வீட்டுக்காரங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எங்க வீட்டுக்காரரு மறுபடி வாசலுக்கு வந்துட்டாருன்னா?"

"நான் போறேன்னு சொல்லலையே."

"எதுக்குப் போகணும்ங்கீக? அத மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. உடம்பு இல்லை, தொண்டை இல்லை. வேலை கஷ்டமா என்றால் முன்னைவிடச் சுலபம். மரியாதை குறைவா என்றால் கூடியிருக்கிறது. காரணம் இல்லாத ஒன்றை மனைவியிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? அவர் டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாள் போய்க்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருவதற்குள் காரணம் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் பதிவறைதான்.

ஜூன் இருபதாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அவர் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் ஏறினார். சேத்தூரிலிருந்து வரும் டவுன் பஸ். ஓரமாக ஓர் இடம் இருந்தது, உட்கார்ந்தார். எதிர் வரிசை ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம் பாய், கண்டும் காணாம ஒக்காருதீக?"

இருளம்மாள். அப்ரோஸின் கிணத்துக்கார அக்கா இவர்தான். அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு வயர் கூடை, அதில் மாம்பழ வாசனை.

"வாங்கம்மா. இன்னிக்கு வாய்தாவா?"

"வாய்தாதான். வேற எதுக்கு ஊருக்குப் போறேன்? அது கெடக்கட்டும். நீங்க மேல போயிட்டீகளாமே. மாடியா?"

"மாடி இல்லம்மா. பின்னாடி ஒரு ரூமு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பேப்பர் கட்டு இருக்கு."

"அடப்பாவமே. என்ன தப்பு செஞ்சீக?"

மதார் சாகிப் சிரித்துவிட்டார். பிப்ரவரிக்குப் பிறகு பஸ்ஸில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"அண்ணன் வரலையா?" என்று கேட்டார்.

இருளம்மாள் மோவாயால் முன்பக்கம் காட்டினார். டிரைவருக்குப் பின்சீட்டில் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு கழுத்து தெரிந்தது. வழக்கின் எதிராளி பால்ச்சாமி, இருளம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது வருடமாக ஒரே கிணற்றுக்குச் சண்டை, ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. ஆனால் வாய்தா நாளில் ஒரே பஸ்தான். முன்பெல்லாம் பால்ச்சாமி தங்கைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவார், பேச மட்டும் மாட்டார். இது அப்ரோஸுக்குப் பிடித்த பகுதி.

"இப்பவும் டிக்கெட் எடுக்காகளா?"

"எங்க எடுக்க? பொம்பளைக்கு டவுன் பஸ் சும்மான்னு ஆகிப்போச்சுல்லா. கொஞ்ச நாளு என்ன செய்யன்னு தெரியாம முழிச்சாக. இப்பம் சீட்டு போடுதாக. பஸ்ஸு அவிய வீட்டுப் பக்கம் மொதல்ல நிக்கும். ஏறி, ஜன்னலோரம் துண்டப் போட்டு வச்சிருதாக. நான் ஏறுனதும் துண்ட எடுத்துக்கிட்டு முன்னாடி போயிருதாக. மூஞ்சியப் பாக்குறது கெடையாது."

"ஒங்களுக்குன்னு சொல்லவும் மாட்டாக."

"சொன்னா கேசு கெட்டுப்போகும்லா!"

இருளம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரும் சிரித்தார். இருளம்மாள் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இத விடுங்க பாய். மார்ச்சு மாசம் நடந்ததுதான் பெருசு. நீங்க இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீக. அன்னிக்கு நான் குழாயடிக்குத் தண்ணி பிடிக்கப் போயிட்டேன். உள்ள எங்க கேச எடுத்துட்டாக. மூணு தடவ கூப்பிட்டாச்சு, நான் இல்ல. என் வக்கீலும் வேற கோர்ட்டுல. ஜட்ஜையா தள்ளுபடின்னு எழுதப் பேனாவ எடுத்துட்டாக. எழுதுனா ஒம்போது வருசமும் தண்ணியோட போச்சு. கிணறு அவியளுக்குத்தான். அவியளுக்கு நல்லதுதான?"

"ஆமா. நல்லது."

"எங்கண்ணன் எந்திரிச்சு நின்னு, 'ஐயா, இந்தா வருதா, குழாயடில நிக்கா, செத்த நேரம் பொறுங்க'ன்னு சொன்னாகளாம். அவிய வக்கீலு தலையில அடிச்சுக்கிட்டாராம். ஜட்ஜையா, 'நீங்க எதிராளிதான?'ன்னு கேட்டாகளாம். 'ஆமாய்யா, எதிராளிதான், அதுக்காக அவ வரும்போதே கதவச் சாத்த முடியுமா?'ன்னாகளாம்."

மதார் சாகிப் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்ச் எந்தத் தேதி என்று கேட்டார். பதினான்காம் தேதி வியாழக்கிழமை என்றார் இருளம்மாள். அன்று அவர் எங்கே இருந்தார் என்று யோசித்தார். பதிவறையில், ஏணி மேல், 1997-ஆம் வருடக் கட்டுகளுக்கு நடுவில். அந்த வாசலிலிருந்து நாற்பது அடி தூரம். நாற்பது அடிக்கு அந்தப்பக்கம் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை! இருளம்மாளின் வழக்கு பிழைத்தது என்ற நிம்மதிக்கு முன்னால், தான் அங்கே இல்லாமல் போய்விட்டோமே என்ற ஆத்திரம்தான் அவருக்கு வந்தது. தேர் நிலைக்கு வரும் நேரத்தில் வீட்டில் தூங்கிவிட்டவனுக்கு வருமே, அந்த மாதிரி ஆத்திரம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியும் பேச்சு முடியவில்லை. நீதிமன்ற வாசல்வரை இருளம்மாளோடு நடந்தார். பதிவறைக்கு ஏழு நிமிடம் தாமதம். மதியம் ஒன்று பத்துக்கு டப்பாவைத் திறந்தவர், ஒன்றரைக்கு அதன் அடியைப் பார்த்தார்.

அன்று மாலை டப்பாவைத் திறந்த அப்ரோஸ் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. பஸ்ஸுல கிணத்துக்கார அக்காவப் பாத்தேன்."

"யார? கிணத்துக்கார அக்காவையா?" அவள் ரேடியோவை அணைத்தாள். "கேசு என்ன ஆச்சு?"

அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். துண்டு போட்டு இடம் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தார். குழாயடிக்கு வந்தபோது அவள் துணியை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டாள். 'அவ வரும்போதே கதவச் சாத்த முடியுமா' என்று அவர் பால்ச்சாமி மாதிரியே எழுந்து நின்று சொன்னபோது அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். மஃரிப் பாங்கு கேட்டுத்தான் இருவரும் எழுந்தார்கள்.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, அதைச் சோதித்துப் பார்க்காமல் விட முடியாது. வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் பதிவறையிலேயே சாப்பிட்டார். இரண்டு நாளும் பாதிதான் இறங்கியது. செவ்வாய்க்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வாய்தாவுக்கு வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். வத்திராயிருப்புக்காரர் ஒருவர், பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலையில் தன் வீட்டைப் பார்த்து மட்டுமே கூவுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பா காலி. புதன்கிழமை மறுபடி பதிவறை. பாதி.

நான்கு நாளில் தெரிந்துபோனது. தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் வேறு. அமைதியான ஆள், தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருப்பவர், கொஞ்சம் குரல் வளம் உள்ளவர். இப்போது பார்த்தால், அடுத்தவர் கதையைக் கேட்காவிட்டால் சோறு இறங்காத மனிதர்! நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒருவர் தனக்குள் இருப்பது தெரியவருகிறது. இத்தனை வருடம் அந்த உள்ளே இருந்தவர் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர் ஒருநாளும் பசியோடு இருந்ததில்லை. வாசலில் நின்ற ஒவ்வொரு நாளும் அவருக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஜூன் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை மாலை, அவர் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நாலு வரி. அப்ரோஸ் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவள் தாளை எடுத்து வாசித்தாள்.

"'சொந்தக் காரணங்களால்'னு எழுதியிருக்கீக. என்ன சொந்தக் காரணம்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லுங்க."

"எனக்கு மனுசங்க கதை கேக்கணும் அப்ரோஸ். யாரு யாரோட வந்தாக, யாரு யாரப் பாத்து மூஞ்சியத் திருப்புனாக, சாயந்திரம் ஒண்ணா டீ குடிச்சாகளான்னு பாக்கணும். அம்புட்டுதான். வேற பெரிய காரணம் இருக்கும்னு அஞ்சு மாசமாத் தேடுனேன். இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியும் நிற்கவில்லை.

"இதக் கண்டுபிடிக்கவா சுகர் டெஸ்ட்டு எடுத்தீக? என்னக் கேட்டா முன்னாலயே சொல்லியிருப்பேனே! பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, எங்க வீட்டுல யாரு யாருகூடப் பேச மாட்டாகன்னு எங்க மாமுகிட்ட ஒக்காந்து முழுசும் கேட்டுட்டுப் போன ஆளு நீங்க."

"நெசமாவா?"

"எங்க அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்ரோஸ் சிரித்து முடித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த மெக்கானிக்கு பாவம்" என்றாள்.

"எந்த மெக்கானிக்கு?"

"மெஷின் சத்தம் போடுதுன்னு கூட்டிட்டு வந்தேன்லா. எப்பவும் போடுத சத்தம்தான்னு சொன்னாரு. நான்தான் நம்பல. போன வியாழக்கெழம நீங்க கதை சொல்லிக்கிட்டு இருக்கும்போது மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, குழாயடி வரைக்கும். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல." ரேடியோவை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "சும்மா ஒரு ரேடியோ வேற வாங்கித் தொலைச்சேன்."

மதார் சாகிப் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்பம் குடுக்கட்டுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலை." எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பத்திரிகைய நான் பீரோவுலருந்து கிழிக்க மாட்டேன். அடிச்சது அடிச்சதுதான். யாரும் கேட்டா அதத்தான் காட்டுவேன்."

மறுநாள் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல்வரை வந்தாள். டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

"வரும்போது சொட்டு நீலம் வாங்கிட்டு வாங்க. இருந்தது காஞ்சுபோச்சு."

கடிதத்தை அவர் மாலை நாலு பத்துக்குக் கனகலட்சுமியிடம் கொடுத்தார். கனகலட்சுமி இரண்டு தடவை வாசித்தார். "நல்லா யோசிச்சாச்சா மதார் சார்? திரும்ப வாங்க முடியாது."

"யோசிச்சாச்சும்மா. 'சார்' வேண்டாம், பழையபடியே கூப்பிடுங்க."

"ஆயிரத்து நூத்து நாப்பது கட்டு அடுக்கின மனுஷன். எனக்கு நஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

நடைபாதையில் உக்கிரபாண்டி காத்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னேன்லா பாய், தொண்டைதான்னு."

"காது" என்றார் மதார் சாகிப். உக்கிரபாண்டிக்குப் புரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஜூலை ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, பட்டியலில் முப்பத்தொரு வழக்கு. வெள்ளைச் சட்டையில் நீலம் ஒரு சொட்டு கூடிப்போயிருந்தது. ஐந்து மாதத்தில் அவளுக்குக் கை மறந்திருந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் வீடு வந்தார். அப்ரோஸ் டப்பாவை வாங்கித் திறந்தும் பார்க்காமல் அடுப்படியில் வைத்தாள். டீயைக் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து, வெட்டிய துணியை ஊசிக்கடியில் தள்ளி, சக்கரத்தைச் சுழற்றினாள்.

"ம், சொல்லுங்க" என்றாள்.